கொழு முனையில் நிற்கும் உழவு

டிராக்டரின் பின்னால் பூட்டப்படும் கல்டிவேட்டரை வேளாண் நூல்கள் கொத்துக் கலப்பை என்று குறித்தாலும், கொங்கு நாட்டின் மானாவாரிக் காடுகளில் அது ‘அஞ்சு கலப்பை’, ‘ஒன்பது கலப்பை’ என்று கொத்துகளின் எண்ணிக்கையாலேயே அறியப்படுகிறது. இரும்புச் சட்டத்தின் முன்வரிசைக் கொத்துகளின் இடைவெளிக்கு நேராகப் பின்வரிசைக் கொத்துகள் அமைந்திருப்பதால், பெயர்ந்த கட்டியும் பழைய பயிரின் தட்டையும் சிக்காமல் நழுவிப் போகின்றன. சரளை மண்ணுக்கு வாங்கப்படும் வகையில், கல்லில் முட்டிய கொத்து பின்வாங்கி மீண்டும் தானே நிலைக்கு வருமாறு சுருள்வில்லும் சேர்க்கப்பட்டிருக்கும்.

மண்ணைத் தொடுவது என்னவோ ஒவ்வொரு கொத்தின் அடியிலும் மரையாணியால் முடுக்கப்பட்ட கொழு மட்டுமே. இருமுனையும் கூரான கொழுவில் ஒரு முனை தேய்ந்தால் கழற்றித் திருப்பி மாட்டலாம். இரண்டும் மழுங்கிய பின் அது பட்டறைக்குப் போகிறது. அங்கே பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து வெட்டிய துண்டை முனையில் பற்றவைத்து, காய்ச்சி, அடித்துக் கூராக்குகிறார்கள். பழுத்த இரும்பை நீரில் தோய்க்கும் பக்குவத்தில்தான் தொழிலின் நுட்பம் இருக்கிறது: அளவு மீறிக் கடினப்பட்டால் முதல் கல்லிலேயே முனை தெறிக்கும், இளகி நின்றால் விரைவில் தேயும். இவ்வேலையில் தேர்ந்தவர்கள் வெப்பமானி எதையும் நாடாமல் இரும்பின் நிறத்தைப் பார்த்தே அந்த நொடியை அறிகிறார்கள். உழவின் தரத்தைப் பேசும்போது டிராக்டரின் குதிரைத்திறனைச் சொல்பவர்கள் இவர்களை மறந்துவிடுவது முறையன்று.

ஓட்டுநரின் திறன் பதம் பார்ப்பதில் தெரிகிறது. கைப்பிடி மண்ணை உருட்டிக் கீழே போட்டால் அது உதிர வேண்டும்; பிசுபிசுத்து ஒட்டும் ஈரத்தில் உழுதால் கட்டி கட்டியாகக் காய்ந்து விதைப்புக்கு உதவாது. மணிக்கணக்கில் வாடகை பேசப்படும்போது பதத்துக்காகக் காத்திருக்க இரு தரப்புக்கும் பொறுமை இருப்பதில்லை.

கொத்துக் கலப்பையின் இயல்பான வேலை, முன்பே உழுத நிலத்தைப் பொலபொலப்பாக்குவதும் களையைக் கிளப்புவதுமே ஆகும். அதையே முதல் உழவுக்கும் கடைசி உழவுக்கும் ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் ஓட்டுவதால், அந்த ஆழத்துக்குக் கீழே வேரும் மழைநீரும் இறங்கத் தடையான இறுகிய படலம் உருவாகிறது. அதை உடைக்க, மூன்றாண்டுக்கு ஒருமுறை அரை மீட்டர் இடைவெளியில் உளிக்கலப்பையால் நெடுக்கும் குறுக்கும் ஆழ உழ வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

தோட்டப்பயிரில் வரிசைகளுக்கு நடுவே பவர் வீடர் எனப்படும் சிறிய களையெடுக்கும் இயந்திரம் நுழைந்திருக்கிறது. ஆயினும் சுழலும் அதன் கத்திகள் பயிரின் மேல்வேர்களை அறுத்துவிடும் என்பதால், தண்டை ஒட்டிய ஒரு சாண் அகலத்தைக் களைக்கொத்தோடு வரும் பெண்களே இன்றும் கொத்திவிடுகிறார்கள்.