கத்தி முனையில் ஒரு புனிதர்

ஆண்ட்வெர்ப் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வைரக் கடைகள்தான் கண்ணில் படுகின்றன. நான் அவற்றைத் தாண்டிப் பல்கலைக்கழகத்தின் ருஸ்ப்ரூக் நூலகத்துக்குப் போனேன். இயேசு சபைக் குருக்கள் 1925-இல் தொடங்கிய ஆய்வு மையம் அது. பக்திப் படங்கள் மட்டும் பல்லாயிரக்கணக்கில் அங்கே இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்ததால், நூலகர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். முதல் அட்டையை எடுத்து, அதன் அடியில் ஒரு கறுப்புத் தாளைச் செருகினார்.

வெள்ளையாய்க் கிடந்த துண்டில் சட்டென்று ஒரு தோட்டம் எழுந்தது. கொடிகள், துலிப் பூக்கள், பறவைகள், இடையிடையே கொசுவலையைவிட நெருக்கமான பின்னல். லேஸ் துணி என்றுதான் முதலில் எண்ணினேன். உற்றுப் பார்த்தால் அதில் நூலே இல்லை. மெலிதாகச் சுரண்டிய ஆட்டுத்தோல் அது. சின்னக் கத்தியால் ஒவ்வொரு துளையாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். நடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நீள்வட்டம். அதற்குள் புனித பார்பரா, பக்கத்தில் மூன்று சன்னல் வைத்த அவருடைய கோபுரம். இடி மின்னலிலிருந்தும் எதிர்பாராச் சாவிலிருந்தும் காப்பவர் அவர்.

கனிவே என்று இவ்வகை அட்டைக்குப் பெயர். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கன்னியர் மடங்களில் இவற்றை வெட்டினார்கள். புத்தாண்டுக்கும், துறவற வார்த்தைப்பாடு கொடுக்கும் நாளுக்கும், பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்கும் இவை பரிசு. வாங்கியவர் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார். பெட்டியில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். புனிதரின் பெயர் இருந்தது. சிலவற்றில் யாருக்குக் கொடுத்தது என்றும் இருந்தது. வெட்டியவரின் பெயர் எதிலும் இல்லை. பெயர் பெற்ற புனிதருக்கு நகத்தளவு இடம், பெயரில்லாத பெண்ணின் உழைப்புக்கு மீதி அட்டை முழுவதும்!

அதே நகரில் சற்று நடந்தால் பிளான்டின்-மோரெட்டஸ் அருங்காட்சியகம். உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சு எந்திரங்கள் இரண்டு அங்கேதான் நிற்கின்றன. ஆண்ட்வெர்ப்பின் செப்புத்தகட்டுச் செதுக்கர்கள் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பா முழுமைக்கும் புனிதர் படங்களை அச்சிட்டு அனுப்பினார்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் வீரிக்ஸ் சகோதரர்கள் மூவர். ஒரு மயிரிழையைக்கூடத் தகட்டில் கொண்டுவரும் கை அவர்களுக்கு. குடியோ அதைவிடப் பெரிது. இரண்டு நாள் வேலை செய்தால் கூலி தீரும்வரை மதுக்கடையில் கிடப்பார்கள் என்று அச்சக உரிமையாளர் பிளான்டினே கடிதத்தில் புலம்பியிருக்கிறார். நடுச் சகோதரர் ஹீரோனிமஸ் குடிபோதையில் பீர்க் குவளையை வீசி ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமாகிச் சிறைக்கும் போனார். அந்தக் கைகள் செதுக்கிய படங்கள் இயேசு சபையினரின் பெட்டிகளில் அக்பரின் அவைவரை போயின. முகலாய ஓவியர்கள் அவற்றைப் பார்த்து வரைந்தார்கள். தகட்டின் அடியில் வீரிக்ஸ் என்ற பெயர் இன்றும் தெளிவாக இருக்கிறது.

குடிகாரனின் பெயர் நிலைத்துவிட்டது, கன்னியரின் பெயர் காணாமல் போய்விட்டது. தாழ்ச்சி காரணமாகத்தான் அவர்கள் பெயர் போடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த எண்ணத்தோடுதான், இன்றும் கனிவே வெட்டும் ஒருவரைத் தேடி லியர் ஊருக்கு ரயில் ஏறினேன்.

ஆண்ட்வெர்ப்பிலிருந்து கொஞ்ச நேரப் பயணம். நேத்தே ஆற்றங்கரையில் சின்ன ஊர். 13-ஆம் நூற்றாண்டில் பெகின்கள் எனப்பட்ட பெண்கள் அமைத்த குடியிருப்பு இங்கே தெருக்களோடும் கோயிலோடும் இன்றும் இருக்கிறது. பெகின்கள் முழுத் துறவிகள் அல்லர். வாழ்நாள் வார்த்தைப்பாடு கிடையாது. விரும்பினால் வெளியேறித் திருமணம் செய்துகொள்ளலாம். சொத்து அவரவர் கையில். லேஸ் பின்னியும், துணி வெளுத்தும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் பிழைத்தார்கள். உலகின் கடைசி பெகின் மார்செல்லா பட்டேன் 2013-இல் கோர்ட்ரெய்க் நகரில் தம் 92-ஆம் வயதில் காலமானார். கன்னியர் மடங்களின் கத்தி வேலை அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது. தியான மடங்களால் பயனில்லை என்று 1783-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் அவற்றை மூடினார். எஞ்சியவற்றைப் பிரெஞ்சு ஆட்சி மூடியது. அடுத்த நூற்றாண்டில் பாரிஸ் அச்சகங்கள் லேஸ் ஓரம் வைத்த தாளை எந்திரத்தால் குத்தித் தள்ளின.

லியரின் கல் பாவிய சந்து ஒன்றில் இன்றும் கனிவே வெட்டும் ஒரு பாட்டியைச் சந்தித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. அறுவை மருத்துவர் கத்தி, ஊசி, உருப்பெருக்கிக் கண்ணாடி, அவ்வளவுதான் கருவிகள். யாருக்காக வேண்டும் என்று கேட்டார். தூத்துக்குடியில் என் அத்தை இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த நேரம் அது. சொன்னேன்.

“அப்படியானால் எங்கள் ஊர்ப் பாதுகாவலர்தான்” என்று சிரித்தார்.

8-ஆம் நூற்றாண்டுப் படைவீரர் கும்மாருஸ். பயணத்தில் அவருடைய ஆட்கள் கூடாரத்துக்காக ஒருவரின் மரத்தை வெட்டிவிட்டார்கள். மரத்துக்காரர் கத்தினார். கும்மாருஸ் தம் இடுப்புக் கச்சையை அவிழ்த்து வெட்டுப்பட்ட மரத்தைச் சேர்த்துக் கட்டி, இரவெல்லாம் செபித்தார். விடிந்தபோது மரம் ஒட்டியிருந்தது என்பது கதை. தொலைந்த சாவிக்கு அந்தோணியாரைத் தேடும் நமக்கு, ஒடிந்த எலும்புக்கு இவர் என்பது உடனே புரிந்துவிடும்.

நான் உட்கார்ந்திருந்த மதியம் முழுவதும் அவர் ஒரு மரத்தின் இலைகளை மட்டும் வெட்டினார். முதலில் உள்துளைகள், பிறகு வெளியோரம். முறை மாறினால் தோல் சுருண்டு கிழியும். கத்தியை அசைக்காமல் தோலைத்தான் திருப்பினார். கத்தி உள்ளே இறங்கும்போது மூச்சு நின்றது, வெளியே வந்தபோது விட்டார்.

அட்டை முடிந்த மறுவாரம் வாங்கப் போனேன். ஓரத்தில் பெயர் எழுதித் தரச் சொன்னேன்.

“எங்கே எழுத? எல்லாமே ஓட்டையாயிற்றே!” என்றார்.

என் தாழ்ச்சிக் கதை அங்கேயே கலைந்தது. அவர் எழுந்து பழைய கனிவேக்களின் புகைப்படங்கள் இரண்டைக் கொண்டுவந்தார். இரண்டிலும் துலிப் இதழின் நுனியில் கத்தி தேவைக்கு மேல் ஒருமுறை கீறியிருந்தது. “இரண்டையும் வெட்டியவள் ஒருத்திதான். அவளால் அங்கே நிறுத்த முடியவில்லை.” பிறகு இன்னொரு படத்தைக் காட்டி, எல்லா வளைவும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் வெட்டியவர் இடக்கைக்காரராக இருக்கலாம் என்றார். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வேலையை அண்டை வீட்டாரின் சமையலை இனம்காண்பதுபோல் இனம்கண்டார். வீரிக்ஸ் அடியில் எழுதியதை அந்தக் கன்னியர் அட்டை முழுவதும் எழுதியிருக்கிறார்கள், படிக்கத்தான் ஆள் குறைவு.

பணம் வாங்க மறுத்துவிட்டார். அத்தை எழுந்து நடந்ததும் ஒரு கடிதம் போடச் சொன்னார்.

கும்மாருஸின் கச்சை முனையை எல்லோரும் தொங்கவிடுவார்களாம், இந்தப் பாட்டி மட்டும் மேல்நோக்கி ஒரு சுழி சுழித்திருக்கிறார். இதைச் செய்தது யார் என்று அத்தை கேட்பாள். அந்தச் சுழியைத் தொட்டுக் காட்டுவேன்.