ரேடியேட்டரும் மட்டாஞ்சேரிப் புட்டும்

நியூயார்க்கில் குயின்ஸ், பிரான்க்ஸ் பக்கம் பழைய கட்டடங்களில் குடியிருக்கும் நம்ம மக்கள் டிசம்பர் வந்தால் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "ரேடியேட்டர் பாதிதான் சூடாகுது, மீதி ஐஸ் மாதிரி இருக்கு. என்ன பண்றது?"

ஜன்னலோரம் நிற்கும் அந்த வார்ப்பிரும்புப் பூதத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் புட்டு அவிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது பழைய சங்கதிதான்.

நான் வளர்ந்தது கொச்சி மட்டாஞ்சேரியில். வீட்டில் பேசுவது தமிழ், காலையில் பாதி நாள் புட்டு. மாவை அழுத்தித் திணித்தால் ஆவி ஏறாது. குடத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், குழாயின் மேல்பாதி பச்சை மாவாகவே இருக்கும். அடுப்பைக் கூட்டிப் பிரயோஜனமில்லை. ஆவிக்கு வழி வேண்டும்.

ரேடியேட்டரும் அப்படித்தான். கீழே பாய்லரிலிருந்து ஆவி வருகிறது. ஆனால் உள்ளே ஏற்கெனவே காற்று உட்கார்ந்திருக்கிறது. அது வெளியே போனால்தான் ஆவிக்கு இடம். குக்கரில் ஆவி நன்றாக வந்த பிறகு வெயிட் போடுகிறோமே, அதே காரணம்தான்.

உங்கள் ரேடியேட்டருக்கு ஒரே ஒரு குழாய் வருகிறது, எதிர்ப்பக்கம் சின்னதாக ஒரு வென்ட் இருக்கிறது என்றால் வரிசையாகப் பாருங்கள்:

1. வால்வு. ஒன்று முழுசாகத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுசாக மூடியிருக்க வேண்டும். ஆவி ஏறுவதும் குளிர்ந்த தண்ணீர் இறங்குவதும் அதே குழாயில்தான். பாதி மூடினால் இரண்டும் மோதும், தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். ராத்திரி சுத்தியலால் அடிப்பது போல் சத்தம் வருகிறதா? பெரும்பாலும் இப்படித் தேங்கிய தண்ணீரின் வேலைதான்.

2. சரிவு. ரேடியேட்டர் வால்வுப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வென்ட் பக்கக் கால்களுக்கு அடியில் மரத்துண்டு கொடுக்கச் சொல்லுங்கள்.

3. வென்ட். காற்று போகும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். ஆவி வந்து தொட்டதும் தானே மூடிக்கொள்ளும். துருவோ, பெயின்டர் அடித்துவிட்டுப் போன பெயின்ட்டோ அடைத்தால் காற்று போகாது. பாதி சூடு, பாதி ஐஸ் என்பதற்கு வழக்கமான காரணம் இதுதான். புது வென்ட் விலை அதிகமில்லை. ஆனால் ஆவி இருக்கும்போது கழற்றவே கூடாது. கை வெந்துவிடும். பாய்லர் நின்று, ரேடியேட்டர் ஆறிய பிறகு சூப்பரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

எல்லா அறையும் குளிர்கிறது, பக்கத்து வீட்டிலும் குளிர்கிறது என்றால் கோளாறு பாய்லரில். அது ஓனரின் பொறுப்பு.

இதை எழுதக் காரணம், நம்மில் பலர் சூப்பரிடம் சொல்லக்கூடத் தயங்கி, அவனைத் திறந்து வைத்தோ, ஸ்பேஸ் ஹீட்டரை ராவெல்லாம் ஓடவிட்டோ சமாளிக்கிறார்கள். 2022 ஜனவரி 9 அன்று பிரான்க்ஸில் ட்வின் பார்க்ஸ் கட்டடத்தில், ஒரு வீட்டு ஸ்பேஸ் ஹீட்டர் கோளாறாகித் தீப்பிடித்தது. தானாக மூடவேண்டிய கதவு மூடவில்லை, புகை மாடி மாடியாக ஏறியது. 17 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் குழந்தைகள். பலர் நம்மைப் போலவே வேறு தேசத்திலிருந்து வந்த குடும்பங்கள்.

நியூயார்க் நகரச் சட்டப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரை ஹீட் கொடுத்தே ஆக வேண்டும். காலை 6 முதல் இரவு 10 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே 68 இருக்க வேண்டும். ராத்திரியில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62. முதலில் ஓனரிடம் சொல்லுங்கள். நடக்கவில்லையா, 311-ஐக் கூப்பிடுங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, தேதி, நேரம், டிகிரி எல்லாம் குறித்து வையுங்கள்.

"வந்த இடத்தில் எதுக்கு வம்பு" என்று குழந்தைக்கு நாலு ஸ்வெட்டர் மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஹீட் என்பது ஓனர் காட்டும் தயவு இல்லை.