வள்ளத்து விளக்கு

இரவில் முட்டத்துப் பாறைமேல் நின்று கடலை நோக்குவோர் ஆங்காங்கே விண்மீன் விழுந்தாற்போலச் சிற்றொளிகள் மிதப்பதைக் கண்டிருப்பர். கரையிலிருந்து காண்போர்க்கு அது காட்சி. கடலில் இருப்போர்க்கோ அது உயிர்க்காப்பு. அவ்வொளியைத் தேர்ந்தெடுக்கும் விஷயம் அற்பமென்று எண்ணற்க.

சென்ற மாசித் திங்களில், பழையாறு கடலொடு கலக்கும் மணக்குடியிலிருந்து முட்டம் வரை இராப்பிரயாணம் செய்ய யாம் நால்வர் துணிந்தோம். வள்ளம் 20 அடி நீளமுள்ளது. சிறு மோட்டார் பூட்டியது. வள்ளத்துக்குரிய முதியவர் இசைந்தார், ஆயின், "மக்களே, வெளிச்சம் உங்க பொறுப்பு. பாத்து வாங்கிட்டு வாருங்க" என்று கூறிவிட்டார்.

எம்முள் ஒருவர், முன்னணியத்தில் பேரொளி விளக்கொன்றைக் கட்டினால் கடல் முழுதும் பகல்போலாகும் என்றார். பாட்டாவிடம் இதனை உரைத்தபொழுது அவர் நகைத்தார். "முன்னால வெளிச்சம் வச்சா கடலு மறைஞ்சு போகும்" என்றார். அது முற்றும் உண்மை. இருளுக்கு நம் கண் நன்கு பழகுவதற்கு 20 அல்லது 30 நிமிஷம் வேண்டும். அப்பழக்கம் ஒரு நொடி வெளிச்சத்தில் அழிந்துவிடும். மாட்டு வண்டியின் லாந்தர் வழி காண்பதற்கு உதவலாம். வள்ளத்து விளக்கோ நாம் காண்பதற்கன்று. நம்மைப் பிறர் காண்பதற்கு.

காணவேண்டிய அப்பிறர் யார்? மேற்கே அரபு நாடுகளினின்றும் கிழக்கே கொழும்புக்கும் அப்பாலும் செல்லும் பெருங்கப்பல்கள் நம் குமரிமுனையைச் சுற்றியே ஓடுகின்றன. 2018 ஆகஸ்டு 7-ஆம் நாள், பொழுது புலருமுன், கேரளத்து முனம்பம் கடலில் மீன்பிடி விசைப்படகொன்றின்மீது பெருங்கப்பல் மோதிற்று. படகில் இருந்தோருள் பலர் நம் மாவட்டத்தார். அவருள் கரை மீளாதார் உண்டு. அப்படகு எம் வள்ளத்தினும் மிகப் பெரியது. இதனை நினைந்தபின் எம் வாதம் விளையாட்டாக இருக்கவில்லை.

நிற்க. கப்பல்கள் மோதாதிருக்க 1972-இல் வகுக்கப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதிகள் சிற்றோடங்களையும் மறக்கவில்லை. 7 மீட்டருக்குக் குறைந்த நீளமும், மணிக்கு 7 கடல் மைலுக்கு மேற்படாத வேகமும் உடைய மோட்டார்ப் படகுக்கு எல்லாத் திசையும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று போதும். இயலுமாயின் இடப்புறம் சிவப்பும் வலப்புறம் பச்சையும் வைத்தல் வேண்டும். வெள்ளொளி 2 கடல் மைல் தொலைவுக்குத் தெரிதல் வேண்டும். மணிக்கு 15 கடல் மைல் ஓடும் கப்பல் அத்தொலைவை 8 நிமிஷத்தில் கடந்துவிடும். கப்பலோட்டி நம்மைக் கண்டு விலகுதற்கு உள்ள அவகாசம் அவ்வளவே.

கடைத்தெருவில் பலவகை விளக்குகள் கண்டோம். அரிக்கன் லாந்தர் எம் பாட்டன்மார் காலத்து நண்பன். ஆயினும் அதன் சுடர் மங்கல், கண்ணாடியோ ஓர் அலைக்கு உடையும். பல நிறத்தில் மின்னிமின்னி எரிவனவற்றைக் கடைக்காரர் மிகவும் புகழ்ந்தார். அத்தகையவற்றை வலையின் மிதவையில் கட்டுவது வழக்கமாதலின், எம்மை வலையென்று மயங்கி யாரேனும் மேலே ஓட்டிவிடலாம் என அஞ்சி விடுத்தோம். சிவப்பும் பச்சையும் சேர்ந்ததொன்று நன்றாகவே இருந்தது. ஆனால் தாழ்ந்த வள்ளத்தில் எம் முழங்கால்களே அதனை மறைக்கும். ஈற்றில், நீர் புகாத பாட்டரி வெள்ளை விளக்கொன்றும், அதனைத் தலைக்கு மேல் உயர்த்தக் கழியொன்றும், கைடார்ச் இரண்டும் வாங்கினோம். திசைகாட்டியைப் பார்க்கும் டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டினோம். மங்கிய செவ்வொளி கண்ணின் இருட்பழக்கத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

எஞ்சிய ஒரு குறையைப் பாட்டாவே தீர்த்தார். பின்னணியத்தில் கழியை நட்டு விளக்கேற்றியதும் ஒளி வள்ளத்தினுள்ளும் விழுந்து கண் கூசிற்று. அவர் ஒன்றும் பேசாமல் ஒரு சிரட்டையைத் துளைத்து விளக்கின் கீழே செருகினார். வெளியே ஒளி, உள்ளே இருள். எந்தக் கம்பெனியும் இதனை ஏன் செய்து விற்கவில்லை என்று வியந்தோம்.

நடுக்கடலில் பெருங்கப்பலொன்றின் வெள்ளொளிகளும் அவற்றின் கீழே ஒரு பச்சையும் தோன்றின. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நம்மை நோக்கி நேரே வருகிறதென்று பொருள். பச்சை மட்டும் தெரிந்தமையால் அதன் வலப்புறமே எம் பக்கம் இருப்பதாக அறிந்தோம். ஆயினும் அது கடந்து செல்லுமளவும் ஒருவரும் பேசவில்லை.

மீளுகையில் மணக்குடிக்கு அண்மையில், விளக்கே இல்லாத கட்டுமரமொன்று இருந்தது. எம் மோட்டார் ஒலி கேட்டதும் அதிலிருந்தவர் ஒரு டார்ச்சை உயர்த்தி எம்பக்கம் காட்டினார். யாம் விலகியதும் அணைத்துவிட்டார். துடுப்பாலும் பாயாலும் செல்லும் சிற்றோடங்கள் வேறு விளக்கு ஏற்ற இயலாவிடில், கைவிளக்கொன்றை ஆயத்தமாக வைத்து, மோதுமுன் காலத்தே காட்டினால் போதுமென்று மேற்கூறிய விதிகளும் இடங்கொடுக்கின்றன.