நுனி மூடாத சாக்ஸ்

கார்த்திகை, வியாழன்

மழை விட்டும் கம்மாபுரத்தில் துணி காயவில்லை. கூடத்துக் குறுக்கே கட்டிய கொடியில் பாவாடைகள் ஈரத்தோடு தொங்குகின்றன. அதன் கீழே, ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்திருக்கும் மகள் முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை உரிக்கிறாள். எதிரில் அவளுடைய அம்மா, ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை, டீ கப் ஒன்றைக் கவிழ்த்துவைத்து அதன் அடிவட்டத்தில் சைக்கிள் போக்ஸ் கம்பியின் முனையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

கப் விருத்தாசலத்துச் சரக்கு. அங்கே பீங்கான் தொழிற்பேட்டையில் கணவர் சூளை வேலை பார்த்த காலத்தில், காது உடைந்ததென்று கழித்துப் போட்டது. பீங்கான் கோப்பையின் அடிவட்டத்தில் மட்டும் பளபளப்புப் பூச்சு இருக்காது. இருந்தால் சூளைக்குள் தட்டோடு தட்டாக ஒட்டிக்கொள்ளும். பூச்சில்லாத அந்த வளையம் எஃகையே தேய்க்கும். வீட்டில் அரிவாள்மனைக்கும் அதுதான், பின்னல் கம்பிக்கும் அதுதான்.

பின்னல் ஊசி கிடைக்காத ஊர்களில் சைக்கிள் கம்பியைத் தீட்டிப் பின்னுவது பழைய வழக்கம். அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் பின்னல் ஊசிக்குப் போட்ட நம்பர் கம்பித் தடிமனுக்கான கேஜ் கணக்கிலிருந்து வந்தது. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 14-ஆம் நம்பர் ஊசி 2 மில்லிமீட்டர். சாதாரண சைக்கிள் போக்ஸும் 14 கேஜ், அதே 2 மில்லிமீட்டர். குழந்தைச் சாக்ஸுக்கு அந்த மெலிவுதான் வேண்டும். ஊருக்கே டீச்சரம்மாவாகிவிட்ட இவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது, தையல் லோயர், ஹையர் பரீட்சைகளுக்குத் தயார் செய்த ஒரு பழைய வாத்தியாரம்மா.

கார்த்திகை, சனி

நூல் வாங்க விருத்தாசலம். ஃபேன்சி ஸ்டோர்க்காரர் முதலில் எடுத்துப் போடுவது லூதியானாவிலிருந்து வரும் ‘பேபி சாஃப்ட்’ பந்துகள். ரோஸ், வெளிர்நீலம், எலுமிச்சை மஞ்சள். தொட்டால் மெத்தென்று இருக்கும். எல்லாரும் உல்லன் என்று கேட்டு வாங்கினாலும் அதில் ஆட்டு மயிர் ஒரு இழைகூட இல்லை, முழுக்க அக்ரிலிக். வியர்வையை உறிஞ்சாது. அடுப்புப் பொறி பட்டால் உருகும். சித்திரையில் கத்திரி வெயில் கொளுத்தும் ஊரில் பிள்ளைக்கு அதை மாட்டுவதில் டீச்சரம்மாவுக்கு இஷ்டமில்லை. வெள்ளைப் பருத்தி நூலாகவே வாங்கினார்.

பருத்திக்கும் ஒரு குறை உண்டு. கம்பளி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பருத்தி நீண்டால் நீண்டதுதான். அதனால் பருத்திச் சாக்ஸ் குழந்தை காலை உதைத்ததும் கழன்று தொட்டிலுக்கு வெளியே கிடக்கும். மேல்பட்டையை நீளமாகவும் நெருக்கமாகவும் பின்னினால்தான் கொஞ்சமாவது நிற்கும்.

திரும்பி வரும்போது பஸ் நகரவே இல்லை. சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று வளைவில் அச்சு முறிந்து நின்றிருந்தது. மேல்பட்டையில் பாதி பஸ்ஸிலேயே முடிந்தது.

கார்த்திகை, செவ்வாய்

சாக்ஸில் கஷ்டமான இடம் குதிகால். 36 கண்ணி போட்டு, மூன்று கம்பிகளில் கம்பிக்கு 12 என்று பிரித்து, நான்காவது கம்பியால் வட்டமாகப் பின்னிக்கொண்டே வரலாம். கை பழகிவிட்டால் டிவி பார்த்துக்கொண்டே போகும். குதிகாலுக்கு வந்ததும் 18 கண்ணியை மட்டும் ஒதுக்கி, முன்னும் பின்னுமாக ஒரு சின்னச் சதுரம் பின்ன வேண்டும். பிறகு நடுக் கண்ணிகளை மட்டும் வைத்துக்கொண்டு வரிசைக்கு வரிசை பாதியில் திரும்ப வேண்டும். தட்டையாக இருந்த துணி கையிலேயே கிண்ணமாகக் குழியும். அதன் இரு விளிம்பிலும் கண்ணிகளை எடுத்து மறுபடி வட்டத்தில் சேர்த்தால் மொத்தம் 46 ஆகியிருக்கும். ஒவ்வொன்றாகக் குறைத்துப் பழைய 36-க்குக் கொண்டுவர வேண்டும். இதற்கிடையில் பால் பொங்கினால் கணக்குப் போயிற்று.

இன்று பால் பொங்கியது.

1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் கண்டுபிடித்த முதல் பின்னல் எந்திரம் செய்ததும் காலுறைதான். திருப்பூரில் ஓடும் அத்தனை பனியன் எந்திரங்களுக்கும் அது கொள்ளுப்பாட்டன். ஆனால் லீயின் எந்திரம் தட்டையாகத்தான் பின்னியது. விளிம்புகளைச் சேர்த்துத் தைக்கக் கை வேண்டியிருந்தது.

கார்த்திகை, வெள்ளி

வீட்டில் சண்டை. மகளின் அப்பாயி, தொண்ணூறைத் தொடப்போகிறவர், கொடியில் குட்டிச் சாக்ஸைப் பார்த்துவிட்டார். “புள்ள தரைக்கு வர்றதுக்கு முன்னாடி துணி தைக்கலாமாடி? டீச்சரா இருந்து என்னா பிரயோசனம்?”

தமிழ் வீடுகளில் பிறக்காத குழந்தைக்குப் புதுத்துணி சேர்ப்பதில்லை. பிறந்ததும் சுற்றுவது பழைய வேட்டியைக் கிழித்த துணி அல்லது பலமுறை துவைத்து நைந்த நூல்புடவை. கண்ணேறு பயம் ஒருபுறம். குழந்தைகள் தங்காமல் போன காலத்து அனுபவம் மறுபுறம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் கஞ்சி போகத் துவைத்த பழம்பருத்தியைவிடப் பச்சைக் குழந்தையின் தோலுக்கு ஏற்ற துணி எந்தக் கடையிலும் இல்லை. அந்த அளவில் கிழவி சொல்வது சரி.

கடைசியில் சமரசம். டீச்சரம்மா சாக்ஸின் விரல்முனையை மூடமாட்டார். கண்ணிகள் உயிரோடு ஊக்கில் கோத்து நிற்கும். முடியாத பொருள் பொருளே இல்லை, தோஷமும் இல்லை. “அப்பிடின்னா சரி” என்று அப்பாயி வெற்றிலையை மடித்தார். மறுவாரம் அவரே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், பேத்தி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டுமென்று பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்தார். அங்கே சாமியிடம் வேண்டுதலையும் மனுவாகத்தான் கொடுக்க வேண்டும்.

மார்கழி, ஞாயிறு

சென்னையிலிருக்கும் தங்கை மகள் அனுப்பிய கூரியர்: நிஜமான பின்னல் ஊசி, ‘போனி’. இருபுறமும் கூர் வைத்தது. உறையில் நீலகிரி மாவட்டம் கேத்தி என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து வீடே ஆச்சரியப்பட்டது. பின்னல் என்றால் வெள்ளைக்காரிச் சமாச்சாரம், ஊட்டிக் குளிருக்கானது என்று நினைப்பவர்கள்கூட, உலகம் முழுக்கப் போகும் அந்த ஊசி ஊட்டிக்குப் பக்கத்திலேயே செய்யப்படுகிறது என்பதை அறிவதில்லை.

எதிர்வீட்டுப் பையன் விழுப்புரம் சட்டக் கல்லூரியில் படிக்கிறான். உறையைத் திருப்பிப் பார்த்ததும் கத்தினான்: “டீச்சர், இது எங்க கம்பெனி லா பரீட்சைல வர்ற கேஸு!”

விஷயம் இதுதான். நீடில் இண்டஸ்ட்ரீஸ் (இந்தியா) 1949-இல் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியின் துணை நிறுவனமாகத் தொடங்கியது. 1973-இல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டார் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. 1977-இல் கம்பெனி புதுப் பங்குகளை வெளியிட்டது. வெளிநாட்டுத் தரப்புக்கு அறிவிப்பு காலத்தில் போய்ச் சேரவில்லை, பங்குகள் இந்தியத் தரப்புக்குப் போயின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்து 1981 மே மாதம் தீர்ப்பானது. இந்தியத் தரப்பு வென்றது. ஆனாலும் அது நடந்துகொண்ட விதம் நேர்மையானதல்ல என்று சொல்லி, எதிர்த்தரப்புக்கு 8 லட்சத்து 54 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஈடு கட்டவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறுபான்மைப் பங்குதாரரை ஒடுக்குவது என்றால் என்ன என்று கேட்கும் எந்த இந்திய மாணவனும் இந்த ஊசிக் கம்பெனியைத் தாண்டிப் போக முடியாது.

புது ஊசி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. போக்ஸ் கம்பிகள் ஊறுகாய் ஜாடியில் நூலுக்குத் துணையாகப் போயின.

மார்கழி, புதன்

நாள் முந்திக்கொண்டது. எட்டாம் மாதம் முடியும் முன்பே வலி. ஆம்புலன்ஸ், அரசு மருத்துவமனை, விடிகாலையில் பெண் குழந்தை. எடை 2 கிலோ 100 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை என்று கணக்கு. மருமகன் போனில் சொல்லி முடிக்கும்போதே டீச்சரம்மா ஊக்கைக் கழற்றி, விரல்முனைக் கண்ணிகளை ஊசியால் கோத்து மூடிக்கொண்டிருந்தார். தையல் தெரியாதபடி இணைப்பதற்கு நிதானம் வேண்டும். அன்றைக்கு அது இல்லை. ஒரு சாக்ஸின் நுனியில் முடிச்சு துருத்திக்கொண்டு நின்றது.

மார்கழி, வியாழன்

பின்னிய சாக்ஸ் குழந்தைக்கு முழங்கால்வரை வருகிறது.

வார்டில் கங்காரு முறை. குழந்தையைத் தாயின் மார்புமேல் தோலோடு தோலாக நிமிர்த்தி வைத்துக் கட்டிவிடுகிறார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் தவித்த மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது இது. இப்போது உலக சுகாதார நிறுவனமே நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைக்கச் சொல்கிறது. 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டியில் குழந்தைக்கு உடுப்பு என்னவென்றும் இருக்கிறது: தொப்பி, சாக்ஸ், நாப்கின், முன்பக்கம் திறந்த கையில்லாச் சட்டை. நாம் ஆசைக்குப் பின்னுகிற தொப்பியும் சாக்ஸும் அங்கே சிகிச்சையின் பாகம். பச்சைக் குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. வெப்பம் அந்த வழியாகத்தான் அதிகம் போகும்.

நர்ஸம்மா சுற்றி வரும்போது கவனித்தால் இன்னொன்று தெரியும். அவர் முதலில் குழந்தையின் வயிற்றைப் புறங்கையால் தொடுகிறார். பிறகு சாக்ஸை உருவிவிட்டுப் பாதத்தைத் தொடுகிறார். இரண்டும் கதகதப்பு என்றால் கவலையில்லை. வயிறு சூடாக, பாதம் மட்டும் ஜில்லென்று இருந்தால் குழந்தைக்குக் குளிர ஆரம்பித்துவிட்டது. இரண்டும் ஜில்லென்றால் ஆபத்து. தெர்மாமீட்டர் வருவதற்குள் கை சொல்லிவிடும். ஆக, நல்ல சாக்ஸுக்கு இலக்கணம் கழலாமல் இருப்பது மட்டுமல்ல, நினைத்தவுடன் கழற்ற வருவதும்தான். அழகுக்கென்று டீச்சரம்மா கணுக்காலில் கோத்திருந்த ரிப்பனை நர்ஸம்மா முடிச்சவிழ்க்கப் பட்ட பாடு!

“நாடா வேணாம்மா. ஓட்டை ஓட்டையா லேஸ் வச்சும் பின்னாதீங்க. வெரல் மாட்டிக்கும்.”

அதுவும் வெறும் பேச்சில்லை. உள்பக்கத்தில் தொங்கும் ஒரு நூலோ தாயின் தலைமுடியோ கால்விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் வீங்கும். குழந்தை ஏன் அழுகிறதென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை மாட்டும் முன்னும் சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

அன்றிரவு வார்டு வராந்தாவில் 28 கண்ணி போட்டுப் புதிதாகத் தொடங்கினார். குதிகாலே இல்லாமல், நீண்ட குழாயாக.

தை, போகி கழிந்து

வீடு வந்தாயிற்று. மருத்துவமனையிலிருந்து அம்மா வீட்டுக்கு, ஒரு பை நிறையப் பொருள்களோடு. அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பரிசுப் பெட்டகம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2015-இல் தொடங்கியது. துண்டு, உடுப்பு, படுக்கை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என 16 பொருள்கள். பின்லாந்து இதை 1938-இல் ஏழைத் தாய்மார்களுக்கென்று ஆரம்பித்து, 1949 முதல் எல்லாருக்கும் கொடுத்துவருகிறது. அவர்கள் ஊர்ப் பெட்டியில் குளிருக்குக் கனத்த உடுப்பு. நம் ஊர்ப் பெட்டியில் லேகியம். அந்தந்த மண்ணுக்கு அந்தந்தப் பெட்டி.

அப்பாயி, கையில் கருப்புக் கயிற்றில் வசம்பு வளையல் மாட்டி, நெற்றியோரம் மை தீற்றிவிட்டார். வார்டில் மாட்டிவிட்ட தொப்பியை எடுப்பதா வைப்பதா என்று மறுபடி வாக்குவாதம். வார்டில் வேண்டியது வீட்டில் வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குத் தொப்பி வேண்டாமென்றே சொல்கிறது. உடம்புச் சூடு வெளியேறாமல் போனால் அதுவும் ஆபத்து. குழந்தை எடை ஏறி, மாட்டுப் பொங்கலன்று வெயிலும் ஏறியதும், தொப்பி பகலில் ஜாடிக்குள் போனது. பனி இறங்கும் பின்னிரவில் மட்டும் வெளியே வரும்.

தை, வெள்ளி

பக்கத்துத் தெரு மாட்டுக்காரம்மா வந்தார். மருமகளுக்கு மாசியில் நாள். “அக்கா, அதே மாதிரி ஒரு செட்டு பின்னிக் குடேன். எவ்ளோ ஆவும்?”

எவ்வளவு ஆகும்? நூலுக்கு ஆவது சொற்பம். வேலைக்கு என்ன விலை போடுவது? திருப்பூர்ச் சாக்ஸ் ஜோடி சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது, மாலைகளை எல்லாம் தின்ற ஒரு ஜோடிக்கு நியாயமான கூலி கேட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். அதனால்தான் இந்நாட்டில் கைப்பின்னல் பெரும்பாலும் பரிசாகவே பிழைத்திருக்கிறது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸில் ஏறினார்கள். சுபஶ்ரீ நடராஜன் சேர்த்த அந்தக் குழுவில் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்கள். அவர்களின் மணி நேரங்களுக்குக் கூலி போட்டிருந்தால் அந்தப் போர்வையை விரிக்க யாருக்கும் கட்டுப்படியாகியிருக்காது.

டீச்சரம்மா காசு கேட்கவில்லை. ஓசியிலும் கொடுக்க மனமில்லை. குழந்தை பெற்றவளுக்குப் பால் வேண்டும், எதிராளியிடம் கறவை இருக்கிறது. ஒரு மாதம் தினமும் அரை லிட்டர் என்று பேசி முடித்தார்கள். நாடா இல்லை, லேஸ் இல்லை, மேல்பட்டை நீளம். தொப்பியில் பந்து வைத்துத் தரச் சொன்னார் மாட்டுக்காரம்மா. அது மட்டும் முடியாதென்று டீச்சரம்மா சொல்லிவிட்டார். தூளியில் மல்லாந்து படுக்கும் குழந்தைக்குப் பிடரியில் உறுத்தும்.

“அப்ப விரல்முனைய மூடித்தானே குடுப்ப?”

“புள்ள பொறக்கட்டும். அதுவரைக்கும் ஊக்குலதான் இருக்கும்.”

மாட்டுக்காரம்மா யோசித்துவிட்டு, பாலையும் அன்றையிலிருந்தே ஊற்றுவதாகச் சொல்லிப் போனார்.