அப்பாவின் மரக்குவளை

பலா மரத்துண்டைக் குடைந்து அப்பாவுக்கு ஒரு குவளை செய்து, உள்ளே தேன்மெழுகு தேய்த்தேன். தண்ணீர் ஊற்றினேன், துளி கசியவில்லை. பெருமை தாங்கவில்லை!

மறுநாள் அப்பா சுடச்சுடக் கோப்பி-ஓ ஊற்றினார். மேலே பளபளவென்று மெழுகு மிதந்தது. தேன்மெழுகு 65 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவரோ, "நல்லாத்தான் இருக்கு" என்று முழுவதையும் குடித்துவிட்டார்.

ஹார்ட்வேர் கடையில் 'காய்ச்சிய' ஆளிவிதை எண்ணெய் கொடுத்தார்கள். பெயர்தான் அப்படி, சீக்கிரம் உலர்வதற்காகப் பெரும்பாலும் அதில் உலோக உப்புகளைக் கலந்திருப்பார்கள். வேண்டாமென்று வந்துவிட்டேன்.

இப்போது இன்னொரு குவளைக்குக் கலப்பில்லாத துங் கொட்டை எண்ணெயை மெல்லிதாகப் பூசித் துடைத்து வைத்திருக்கிறேன். முழுதாய் இறுக ஒரு மாதமாவது ஆகும். (துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.)

அப்பா தினமும் அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். "காஞ்சிருச்சா?"