கல் அடாரும் மின்கம்பியும்

திருவனந்தபுரம் வலியசாலையில், காந்தளூர் மகாதேவர் கோயிலை அடுத்த தெருவில், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் வாழ்கிறார். நெடுங்காலம் சங்க இலக்கியம் கற்பித்தவர். விதுராவுக்கு அருகே மலையடிவாரத்தில் அவருக்குச் சிறிது நிலம் உண்டு. அதைக் குத்தகைக்கு எடுத்து மரச்சீனி பயிரிடுகிறவர் அவ்வூர் விவசாயி.

2025 ஆகஸ்டில் அந்த விவசாயி வலியசாலைக்கு வந்தார். கிழங்கு திரளுமுன்பே காட்டுப்பன்றிகள் பாதி நிலத்தைக் கிளறிவிட்டன. "சாரே, ஒரு ராத்திரி கம்பி போட்டால் போதும்" என்றார். மின்கம்பத்திலிருந்து கள்ளத்தனமாக மின்சாரம் எடுத்து வரப்பில் வெறுங்கம்பி இழுப்பதைத்தான் அவர் சொன்னார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஜூனில், நிலம்பூரை அடுத்த வழிக்கடவில் பன்றிக்கு வைத்த அத்தகைய கம்பியில் சிக்கிப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இறந்திருந்தான். பேராசிரியர் மறுத்தார். விவசாயியின் முகம் வாடியது. ஓய்வூதியம் வருகிறவருக்கு மறுப்பது எளிது; ஓராண்டு உழைப்பை இழப்பவர் விவசாயி. இது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

விளைந்த புனத்துக்கும் பன்றிக்கும் உள்ள பகை தமிழில் புதிதன்று. மலைபடுகடாம், பன்றிகள் விளைச்சலை அழிப்பதால் அவை நுழையும் வழிதோறும் பெரிய கல்லாலான அடார்ப் பொறிகள் வைக்கப்பட்டிருப்பதைச் சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குழிக்குள் ஒளிந்து, இரவில் நீருண்ண வரும் பன்றியை எதிர்பார்த்திருக்கின்றனர். பகலில் நாய்களோடு சென்று முயல் வேட்டையாடுகின்றனர். பன்றியின் ஆணையும் யானையைப் போலவே 'களிறு' என வழங்கத் தொல்காப்பிய மரபியல் இடந்தருகிறது. பயிரை அழிக்கும் விலங்கென்று அறிந்தும் அதன் வலிமைக்குரிய பெயரை மறுக்காத மரபு அது.

இன்றைய சட்டத்தின் நிலை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி காக்கப்பட வேண்டிய உயிர். அதைத் தீங்குயிராக அறிவிக்கும்படி கேரளம் பலமுறை கேட்டும் ஒன்றிய அரசு இசையவில்லை. எனவே, பயிருக்கோ உயிருக்கோ ஊறு செய்யும் விலங்கைக் கொல்ல ஆணையிடும் பதினோராம் பிரிவின் வழியே, 2022 மே மாதம் கேரள அரசு அவ்வதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. உரிமம் பெற்ற துப்பாக்கியர் மட்டுமே சுடலாம். நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவை கூடா. விலங்கைத் துரத்துவதையும் விரட்டுவதையும்கூடச் சட்டம் வேட்டை என்றே வரையறுப்பதால், நாயை ஏவுவதற்கும் அவ்வாணையே அடிப்படை.

பேராசிரியர் அன்றே பஞ்சாயத்துக்கு விண்ணப்பம் எழுதினார். மூன்று வாரம் கழித்துக் குழு வந்தது: துப்பாக்கியர் நால்வர், நாய்கள் ஆறு. அயல்நிலம் கைவிடப்பட்ட இரப்பர்த் தோட்டம். ஆளுயரப் புதர் மண்டியது. பகலில் பன்றிகள் படுத்திருப்பது அங்கேதான். நாய்கள் புதருக்குள் பாய்ந்து குரைத்துக் கலைக்க, துப்பாக்கியர் வெளிவாய்களில் காத்திருந்தனர். யார் எங்கே நிற்கிறார், எத்திசையில் சுடக்கூடாது என்பதெல்லாம் முன்பே பேசி முடிக்கப்பட்டிருந்தன. அண்டை வீட்டாருக்கும் சொல்லியாயிற்று. ஒரு முறை பன்றி வெளிப்பட்டும், அதன் பின்னே நாய் வந்ததால் ஒருவர் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டார். நண்பகலில் ஒன்று வீழ்ந்தது. கோம்பை நாய் ஒன்றின் விலாவைக் கொம்பு கிழித்திருந்தது. அதன் உடையவர் தம் துண்டால் கட்டித் தோளில் சுமந்து சென்றார்.

இறைச்சியை உண்ண அனுமதி இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பன்றியைக் குழியில் புதைத்தனர். விவசாயி நெடுநேரம் அந்தக் குழியையே பார்த்து நின்றார். பேராசிரியருக்கும் அன்று உணவு செல்லவில்லை. ஒரு பன்றி குறைந்ததால் நிலம் காக்கப்பட்டுவிடவும் இல்லை. நான்கே மாதச் சினைக்காலத்தில் பல குட்டிகள் ஈனும் இனம் அது.

எனினும் அன்று நடந்த கொலைக்கு முன்னால் ஒரு மனிதர் நின்றார். அவர் கண் பார்த்தது. விரல் ஒரு முறை தயங்கியது. அவர் பெயர் பஞ்சாயத்துப் பதிவேட்டில் ஏறியது. கம்பி வைத்தவரோ அந்நேரம் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார்.

மறுவாரம், பாடம் கேட்க வந்த ஆய்வு மாணவர்களுக்குப் பேராசிரியர் மலைபடுகடாத்தின் அப்பகுதியையே எடுத்தார். அடாரைக் கூறிய புலவர் அதோடு நிறுத்தவில்லை. பொறிகள் உள்ள வழி என்பதால் இருளில் நடவாமல், பொழுது விடிந்தபின் செல்லுமாறு கூத்தரை எச்சரிக்கிறார். இத்தனை ஆண்டுகளும் அவ்விடத்தை ஆற்றுப்படையின் மரபு என்று மட்டுமே கற்பித்து வந்ததாகச் சொல்லி, அவர் சற்று நிறுத்தினார். பின்னர் வழிக்கடவு மாணவனைப் பற்றிச் சொன்னார்.