மஞ்சள் ஒயரில் 12 வோல்ட்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஹோமியோபதி கிளினிக் நடத்தும் நண்பரின் மேசையில் ஒரு சின்னத் திரை நிற்கிறது. டோக்கன் நம்பர் மட்டும் அதில் தெரியும். கடைச் சரக்கு இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. சுற்றிலும் ஃபோம் ஷீட்டை வெட்டிச் சட்டம் கட்டியிருந்தார்கள். செத்துப்போன நெட்புக்கின் திரையாம். கம்ப்யூட்டரிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்கிறது, சுவரில் தனி பிளக் கிடையாது. "காந்தி வீதிப் பக்கம் ஒரு அண்ணன் பண்ணிக் குடுத்தாரு. பேச்சு கம்மி, வேலை சுத்தம்" என்றார் நண்பர்.

ஞாயிற்றுக்கிழமை போனது சரியான நாள்தான். கடைகள் ஷட்டரை இறக்கியிருக்க, காந்தி வீதி நடைபாதை முழுக்க சண்டே மார்க்கெட். துணி, செருப்பு, பாத்திரங்களுக்கு நடுவே தார்ப்பாயில் சார்ஜர், ரிமோட், மூடி இல்லாத லேப்டாப் என்று கொட்டிக் கிடந்தது. அண்ணன் அங்கே ஒரு குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். திரையின் முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றையும் கவிழ்த்து, பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் படித்தார்.

பட்டறை பக்கத்துச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே. வாங்கி வந்த பேனலை மேசைமேல் வைத்து ஸ்டிக்கரைக் காட்டினார். பி101ஏடபிள்யூ03. "இதுதான் சார் ஜாதகம். முதல்ல பி இருந்தா ஏ.யூ. ஆப்ட்ரானிக்ஸ். எல்.டி.என். இருந்தா சாம்சங், எல்.பி.ன்னா எல்.ஜி. அடுத்த மூணு நம்பர் சைஸு, 101ன்னா 10.1 இன்ச்." அந்த நம்பரைச் செல்போனில் போட்டு டேட்டாஷீட்டை எடுத்தார். 1024-க்கு 600 புள்ளிகள், 40 பின், எல்.இ.டி. பேக்லைட், பேனலுக்கு 3.3 வோல்ட். மற்றதை அவர் படிக்கவில்லை.

கம்ப்யூட்டரின் வி.ஜி.ஏ. கேபிளை இந்த பேனலில் நேராகச் செருக முடியாது. லேப்டாப் திரைக்குப் புரிவது எல்.வி.டி.எஸ். என்ற வேறு வகை சிக்னல். நடுவில் மாற்றிக் கொடுக்க ஒரு 'யூனிவர்சல் போர்டு' வேண்டும். அது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வருகிறது. பேனலுக்கு ஏற்ற புரோகிராமை அந்த போர்டில் ஏற்றுவதற்கு நேரம் பிடித்தது. எனக்கு அது தலைகால் புரியவில்லை, டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் பழைய சான்வா முள் மீட்டர். போர்டின் ஓரத்தில் ஒரு குட்டி ஜம்பர் இருக்கிறது. அதை 3.3, 5, 12 என்று மூன்று இடங்களில் மாட்டலாம். பேனலுக்கு எவ்வளவு வோல்ட் போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. 3.3 கேட்கும் பேனலுக்கு 12 போனால் கதை முடிந்தது. ஜம்பரைச் சரியான இடத்தில் மாட்டிய பிறகும் அண்ணன் பேனலைச் சேர்க்கவில்லை. போர்டுக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, ரிப்பன் கேபிள் சேரும் இடத்தில் மீட்டரின் கம்பிகளை வைத்தார். முள் 3.3-ஐத் தொட்டு நின்றது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிஜிட்டல் மீட்டர் இல்லையாண்ணே?"

"இருக்குது சார். அதுல நம்பர் குதிக்கும், இன்னான்னு புரியாது. சப்ளை சரியில்லன்னா முள்ளு நடுங்கும், கண்ணால பாத்துடலாம்."

அந்த மீட்டர் பிக்சர் டியூப் காலத்துச் சொத்து. அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து, சாலிடேர், டயனோரா டிவிகளில் கை பழகியவர். கலர் டிவியின் டியூபுக்குள் 25,000 வோல்ட் வரை ஏறும். அதைத் தொடாமல் வேலை பார்ப்பதுதான் அன்றைக்கு மெக்கானிக்கின் மரியாதை. எல்.சி.டி. வந்ததும் அந்த வித்தைக்கு வேலை போயிற்று. சர்வீஸ் என்றால் போர்டையே கழற்றி வேறு போர்டு போடு என்றானது. "'மொதல்ல வோல்டேஜைப் பாரு'ன்னு எங்க முதலாளி சொல்லுவார், அது ஒண்ணுதான் மிச்சம்" என்றார்.

கரண்ட் எடுக்கும் விதம் எளிது. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து வரும் நாலு ஒயர் பிளக்கில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, இரண்டு கறுப்பும் கிரவுண்ட். போர்டு கேட்பது 12. மஞ்சளையும் ஒரு கறுப்பையும் எடுத்து, நடுவில் ஃபியூஸ் போட்டு, கேபினெட்டுக்குப் பின்னால் வெளியே இழுத்துவிட்டார். போர்டும் பேனலும் சேர்ந்து ஒரு ஆம்பியர்கூட இழுக்கவில்லை. யு.எஸ்.பி.யில் எடுக்கக் கூடாதா என்றேன். பழைய யு.எஸ்.பி. போர்ட் தருவது 5 வோல்ட், அதிலும் அரை ஆம்பியர். போதாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் எடுத்தால் இன்னொரு வசதி: கம்ப்யூட்டரை அணைத்தால் திரையும் அணைந்துவிடும்.

எல்.இ.டி.க்கு முந்திய பேனல்களில் வெளிச்சத்துக்கு மெல்லிய டியூப் இருக்கும். அதற்குப் பல நூறு வோல்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர் தனியாக வேண்டும், டியூபுக்குள் பாதரசமும் உண்டு. உடைந்த டியூபை அவர் தொடுவதில்லை.

இனி பணக் கணக்கு. ஆபீஸ்களும் பள்ளிகளும் பழைய கம்ப்யூட்டரை மொத்தமாக ஏலம் விடுகின்றன. எடுப்பவர் எடை போட்டு எடுக்கிறார். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்கள்கூட அரசு முத்திரையோடு இந்தக் குவியலில் வந்து விழுகின்றன. வாங்கும்போது கிலோ விலை, அண்ணனுக்கு விற்கும்போது பீஸ் விலை. எரியுமா எரியாதா என்று உத்தரவாதம் கிடையாது. எரியாவிட்டால் நஷ்டம் அண்ணனுக்கு. ஸ்டிக்கரைப் படிக்கத் தெரியாதவர் லாபம் பார்க்கிறார், படிக்கத் தெரிந்தவர் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். கோபம் வருகிறது, என்ன செய்ய.

சட்டத்தில் இவருக்கு இடம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022, மறுசுழற்சி செய்பவரோடு, பழுதுபார்த்துப் புதுப்பிப்பவரையும் தனி வகையாகச் சொல்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய படிவம் அது. அண்ணனிடம் கேட்டேன். "அப்பிடி ஒண்ணு இருக்குதா சார்?" என்றார்.

உங்கள் வீட்டில் செத்த லேப்டாப் கிடந்தால் நேராகக் காயலான் கடைத் தராசில் வைக்காதீர்கள். முதலில் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். திரை உடையாமல் இருந்தால் அதற்குத் தனி விலை கேளுங்கள், கொடுப்பார்.